மடக்கில் தண்ணீர்

முற்றத்துப் பறவைகள் – 9

தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டிக்கு இறங்கும் காட்டுச்சாலையில் பங்குனி பிறக்கும் முன்பே புரசு பூத்துவிடும். இலை ஒன்றுகூட இல்லாமல் மரம் முழுக்கச் செம்பூ. கன்னடம் பேசும் வீடுகளில் இதை முத்துக என்பார்கள். இதன் இலையைத்தான் ஈர்க்கு குத்தித் தைத்து விருந்துக்குப் போடுவது. பூத்த நாட்களில் மைனாவும் சின்னானும் வால்காக்கையும் விடியும்போதே அதில் வந்து உட்கார்ந்துவிடும். பின்னாலேயே புங்கன் தளிர்க்கும், வேம்பு பூவெடுக்கும், யுகாதி வரும். வசந்தம் என்றால் இந்த எல்லை ஊரில் அந்தச் சில வாரங்கள்தான். தொட்டல்லா ஆறு வற்றி மணலாகத் தெரிவதும் அதே வாரங்களில்தான்.

போன வாரம் தானியத் தட்டைப் பற்றி எழுதினேன். ஓசூரின் தொழிற்சாலைக் குடியிருப்புகளுக்கு அது சரி. அஞ்செட்டி, நாட்றாம்பாளையம், உரிகம் பக்கம் வீடு உள்ளவர்களுக்கு நான் சொல்வது வேறு. தட்டை உள்ளே எடுத்து வைத்துவிட்டு, மடக்கை வெளியே வையுங்கள். இந்த வட்டாரக் காடுகள்தான் 2014-இல் காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயமாகவும் 2022-இல் காவிரி தெற்கு சரணாலயமாகவும் அறிவிக்கப்பட்டவை. இரண்டும் சேர்ந்தால் ஆயிரத்து நூறு சதுர கிலோமீட்டருக்கு மேல். இவ்வளவு காட்டை ஒட்டி இருக்கும் பறவைக்கு இரை தேடத் தெரியும். கோடையில் அதற்குக் கிடைக்காதது தண்ணீர்.

பறவைக்கு வியர்வை கிடையாது. வெயிலில் அலகைத் திறந்து மூச்சிரைத்துத்தான் உடம்பின் சூட்டைத் தணிக்கிறது. அந்த மூச்சோடு நீரும் போகிறது. பூச்சி தின்பதற்கும் தேன் குடிப்பதற்கும் இரையிலேயே கொஞ்சம் ஈரம் உண்டு. காய்ந்த விதை தின்னும் சில்லை, புறா, சிட்டுக்குருவி மூன்றுக்கும் அந்த வசதி இல்லை. நாள் தவறாமல் அவை தண்ணீரைத் தேடியாக வேண்டும்.

பானையை மூடும் மண் மடக்கே போதும். ஆழம் இரண்டு அங்குலத்தைத் தாண்ட வேண்டாம். வழவழப்பான எவர்சில்வர் தட்டில் கால் வழுக்கும், மண்ணில் பிடிக்கும். நடுவில் ஒரு கல்லைப் போட்டால் சின்னக் குருவியும் தைரியமாக இறங்கும். புதரை ஒட்டி வைக்காதீர்கள், பூனை பதுங்கும். ஐந்தாறு அடி தள்ளி, நிழல் விழும் வெட்டவெளியில் இருக்கட்டும். தினமும் பழைய தண்ணீரைக் கொட்டி, தேங்காய் நாரால் தேய்த்துவிட்டு நிரப்புங்கள். கொசு முட்டையிட்டுப் பறக்க ஒரு வாரம்தான் வேண்டும்.

தேய்ப்பது கொசுவுக்காக மட்டும் இல்லை. பிரிட்டனில் வீட்டுத் தோட்டங்களில் தீனி வைக்கும் பழக்கம் மிக அதிகம். 2005-இல் அங்கே கிரீன்ஃபிஞ்ச் என்னும் விதைதின்னிக் குருவிகளிடம் தொண்டையைத் தாக்கும் ஒட்டுண்ணி நோய் தென்பட்டது. அது தீனித் தட்டிலும் தண்ணீர்த் தொட்டியிலும் எச்சில் வழியே தொற்றும். 2021-இல் அந்தக் குருவி அந்நாட்டின் சிவப்புப் பட்டியலில் சேர்ந்தது. அன்போடு வைத்த தட்டே அதற்கு வழியானதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

பழம் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: அஞ்செட்டியில் வேண்டாம். வாழைப்பழத்துக்குக் குரங்கு வரும். பலாவின் வாசனைக்குக் கரடியும் யானையும் வரும். ராகி விளையும் பருவத்தில் யானைக்கூட்டங்கள் நடமாடும் பூமி இது. சின்னானுக்காகக் கட்டித் தொங்கவிட்ட பழம் இரவில் யாரை அழைக்கும் என்று யோசிக்க வேண்டும். தானியம் வைத்தே தீருவேன் என்றால் ஒரு பிடி சாமையோ தினையோ காலையில் இறைத்து, பொழுது சாய்வதற்குள் தீரும்படி பாருங்கள். உப்பு போட்ட சோறு, மிக்சர், பிஸ்கட் எதுவும் கூடாது.

சர்க்கரைத் தண்ணீர்ப் புட்டி அமெரிக்க வழக்கம்; அங்குள்ள ஹம்மிங்பேர்டுக்காக வந்தது. நம் நாட்டில் அந்தப் பறவையே இல்லை. தேன்சிட்டுக்காக நானும் ஒரு கோடையில் கட்டிப் பார்த்தேன். மறுநாள் மதியமே புளித்துவிட்டது, எறும்பு மொய்த்தது. அவிழ்த்துவிட்டு வேலியில் கல்யாண முருங்கைப் போத்து ஒன்றை நட்டேன். தேன்சிட்டு தானாக வந்தது. செம்பருத்தி, இட்லிப்பூ, கறிமுருங்கை எல்லாமே அதற்குப் பிடிக்கும்.

பழத்துக்கும் இந்த வட்டாரத்திலேயே வழி உண்டு. கிருஷ்ணகிரி மாவட்டம் பட்டுக்கூட்டுக்குப் பேர்போனது. தேன்கனிக்கோட்டை, தளி பக்கமெல்லாம் மல்பெரித் தோட்டம். இலைக்காகக் கவாத்து செய்துகொண்டே இருப்பதால் அந்தச் செடிகளில் பழம் பிடிக்க நேரமில்லை. வரப்போரத்தில் ஒன்றை மட்டும் வெட்டாமல் மரமாக விட்டால் கருத்த பழத்துக்குச் சின்னானும் குயிலும் குக்குறுவானும் வரிசையில் வரும். பழம் சிறியது, கிளையிலேயே தீர்ந்துவிடும். இன்னொரு நன்மையும் உண்டு. மருந்து பட்ட இலையைத் தின்றால் பட்டுப்புழு செத்துவிடும். ஆகவே மல்பெரிக்காரர் பூச்சிமருந்தை அஞ்சி அஞ்சித்தான் தொடுவார். அந்த வேலியோரம் புழுவும் சிலந்தியும் மிஞ்சியிருக்கும்.

அந்தப் புழுதான் முக்கியம். தானியம் தின்னும் சிட்டுக்குருவிகூடக் குஞ்சுக்குப் பூச்சியைத்தான் ஊட்டுகிறது. அமெரிக்காவில் கரோலினா சிக்கடி என்ற சிறு குருவியைக் கவனித்தவர்கள், ஒரு கூட்டுக் குஞ்சுகளை வளர்த்துப் பறக்கவிட ஆறாயிரம் முதல் ஒன்பதாயிரம் கம்பளிப்புழு தேவை என்கிறார்கள். எந்தத் தட்டில் அதை வைக்க முடியும்? கொல்லையில் ஒரு மூலையைக் கூட்டாமல் விடுங்கள். உதிர்ந்த சருகைத் தவிட்டுக்குருவிகள் கும்பலாக வந்து புரட்டிப் போடுவதைத் திண்ணையிலிருந்தே பார்க்கலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கொல்லை முருங்கையில் பட்டுப்போன கிளை ஒன்று இருக்கும். யுகாதிக்கு வீட்டைச் சீர்செய்யும்போது அதையும் வெட்டிவிடுவது வழக்கம். அரிவாளை எடுக்கும் முன் கிளையின் அடிப்பக்கத்தைக் கொஞ்சம் அண்ணாந்து பாருங்கள். காசு அளவில் வட்டமாக ஒரு துளை இருந்தால், செம்மார்புக் குக்குறுவான் உள்ளே குடியிருக்கிறது. டொக் டொக்கென்று செம்பு தட்டுவதுபோல் பகலெல்லாம் ஒலிப்பது அதன் குரல்தான். சித்திரை கழியும் வரை கிளை இருக்கட்டும்.

(அடுத்த வாரம்: ஓட்டு வீடுகள் போய்த் தார்சு வீடுகள் வந்தபின் சிட்டுக்குருவிக்கு எங்கே இடம்?)