குண்டுவீச்சு விமானங்களிலிருந்து மாற்றப்பட்ட பயணிகள் விமானங்களின் விபத்துகள்

இரண்டாம் உலகப் போரின் முடிவில், குண்டுவீச்சு விமானங்களை மாற்றியமைத்தும் அவற்றின் உறுப்புகளைக் கொண்டு புதிதாக வடிவமைத்தும் பயணிகள் விமானங்கள் உருவாக்கப்பட்டன. 1946 முதல் 1950 வரையான காலப்பகுதியில் இவற்றுள் பல விபத்துக்குள்ளாயின. இக்கட்டுரை பெரும்பாலும் பிரித்தானியாவின் ஆவ்ரோ நிறுவனம் தயாரித்த லங்காஸ்ட்ரியன், யார்க், டியூடர் ஆகிய விமானங்களின் விபத்துகளைப் பற்றியது. மூன்றுமே லங்காஸ்டர் என்ற குண்டுவீச்சு விமானத்தின் வழிவந்தவை. இவ்விபத்துகளுக்கு "பழைய போர் விமானம், ஆகவே விழுந்தது" என்று எளிதாகக் காரணம் கூறப்படுவதுண்டு. ஆனால் காரணம் தெரியவந்த விபத்துகளைப் பார்த்தால் இவ்விளக்கம் பெரும்பாலும் பொருந்துவதில்லை.

பின்னணி

போர்க்காலத்தில் பிரித்தானியத் தொழிற்சாலைகள் குண்டுவீச்சு விமானங்களிலும் போர் விமானங்களிலுமே முழுக்கவனம் செலுத்தின. போக்குவரத்து விமானங்கள் பெரும்பாலும் ஐக்கிய அமெரிக்காவிலிருந்தே பெறப்பட்டன. இதனால் போர் முடிந்தபோது நெடுந்தூரம் பறக்கக்கூடிய சொந்தப் பயணிகள் விமானம் பிரித்தானியாவிடம் இருக்கவில்லை. புதிய விமானங்களைத் திட்டமிடுவதற்காக 1942 டிசம்பரில் பிரபாசன் பிரபு தலைமையில் குழு ஒன்று அமைக்கப்பட்டது. ஆயினும் அத்திட்டங்கள் நிறைவேறப் பல ஆண்டுகள் ஆகும் நிலை. இடைக்காலத்திற்குக் கையில் இருந்ததைக் கொண்டே சமாளிக்க வேண்டியிருந்தது.

கையில் இருந்தது லங்காஸ்டர். ராய் சாட்விக் வடிவமைத்த இந்த நான்கு பொறி விமானம் 1941 ஜனவரியில் முதன்முதலில் பறந்தது. மொத்தம் 7,377 விமானங்கள் கட்டப்பட்டன. இதன் துப்பாக்கி மேடைகளை அகற்றி, மூக்கையும் வாலையும் தகடுகளால் மூடிக் கூர்மையாக்கி, குண்டுகள் வைக்கும் அறையில் கூடுதல் எரிபொருள் தொட்டிகளைப் பொருத்தி உருவாக்கப்பட்டதே லங்காஸ்ட்ரியன். இம்முயற்சி முதலில் கனடாவில் 1943 இல் மேற்கொள்ளப்பட்டது. பிரித்தானியாவில் தயாரான முதல் விமானங்களுள் ஒன்று 1945 ஏப்ரலில் இங்கிலாந்திலிருந்து நியூசிலாந்தின் ஆக்லாந்து வரையான 13,500 மைல் தூரத்தை மூன்று நாட்கள் 14 மணி நேரத்தில் கடந்தது. அக்காலத்தில் இது வியப்பிற்குரிய வேகம்.

வேகம் இருந்தது, வசதி இருக்கவில்லை. லங்காஸ்டரின் ஒடுங்கிய உடற்பகுதியில் ஆஸ்திரேலியத் தடத்தில் ஒன்பது பயணிகளும், தென்னமெரிக்கத் தடத்தில் பதின்மூன்று பயணிகளும் மட்டுமே செல்ல முடிந்தது. ஒன்பது பயணிகளுக்கான வகையில் இருக்கைகள் பக்கவாட்டில் திரும்பியிருந்தன. விமானத்தின் உட்புறம் காற்றழுத்தம் ஊட்டப்பட்டதன்று. எனவே மிக உயரத்தில் பறக்கும்போது பயணிகள் ஆக்சிசன் முகமூடி அணிய நேர்ந்தது. நான்கு மெர்லின் பொறிகள் குடிக்கும் எரிபொருளுக்கு ஒன்பது பயணச்சீட்டுகளின் வருவாய் எவ்வகையிலும் ஈடாகாது. இச்சேவைகள் நட்டத்திலேயே நடந்தன.

யார்க் விமானத்தில் லங்காஸ்டரின் இறக்கைகள் பயன்படுத்தப்பட்டன. உடற்பகுதி மட்டும் பெட்டி போன்ற வடிவில் அகலமாக்கப்பட்டது. டியூடர் விமானம் லங்காஸ்டரின் அடுத்த தலைமுறையான லிங்கன் குண்டுவீச்சு விமானத்தின் இறக்கையைக் கொண்டது. அதன் உடற்பகுதி முற்றிலும் புதியது, காற்றழுத்தம் ஊட்டப்பட்டது. பிரித்தானியப் பயணிகள் விமானங்களுள் அவ்வசதி பெற்ற முதல் விமானம் இதுவே. டியூடர் 1945 ஜூனில் முதன்முதலில் பறந்தது.

இந்தியப் பெருங்கடலில் மறைந்த விமானம்

மார்ச் 23, 1946 அன்று லண்டன் - சிட்னி சேவையைச் சேர்ந்த லங்காஸ்ட்ரியன் ஒன்று இலங்கையிலிருந்து கொக்கோசு தீவுகளை நோக்கிச் செல்லும் வழியில் பத்துப் பேருடன் காணாமற் போனது. பிரித்தானிய நிறுவனமும் ஆஸ்திரேலியாவின் குவாண்டாசு நிறுவனமும் இச்சேவையைக் கூட்டாக நடத்தின. கடலின் நடுவே சிறு தீவொன்றைத் தேடிப் பிடிக்க வேண்டிய நீண்ட தடம் அது. இடையில் இறங்க வேறு இடமில்லை. விமானத்தின் சிதைவுகள் கிடைக்கவில்லை.

பிரித்தானிய தென்னமெரிக்க வான்வழி நிறுவனம்

இவ்வரலாற்றில் அடிக்கடி வரும் பெயர் பிரித்தானிய தென்னமெரிக்க வான்வழி நிறுவனம் ஆகும். கப்பல் நிறுவனங்களால் தொடங்கப்பட்டு, 1946 இல் அரசுடைமையாக்கப்பட்டது. இதன் தலைவர் டான் பென்னட், போரின்போது குண்டுவீச்சுப் படைக்கு வழிகாட்டிச் சென்ற சிறப்புப் பிரிவின் தளபதியாக இருந்தவர். வானில் திசையறியும் கலையில் அக்காலத்தின் தலைசிறந்த வல்லுநர்களுள் ஒருவர். அவரது விமானிகள் பலரும் அதே போரில் பறந்தவர்கள். ஜனவரி 1, 1946 அன்று லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து இந்நிறுவனத்தின் "ஸ்டார் லைட்" என்ற லங்காஸ்ட்ரியன் பென்னட்டின் தலைமையில் தென்னமெரிக்காவிற்குப் புறப்பட்டது. விண்மீனைக் குறிக்கும் "ஸ்டார்" என்ற சொல்லிலேயே எல்லா விமானங்களின் பெயரும் தொடங்கின. அவ்வாண்டு செப்டம்பர் 7 இல் "ஸ்டார் லீடர்" என்ற யார்க் விமானம் மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியாவில் புறப்பட்ட சற்று நேரத்தில் விழுந்து 24 பேர் உயிரிழந்தனர்.

ஸ்டார் டஸ்ட்

ஆகஸ்ட் 2, 1947 பிற்பகல் 1.46 மணிக்கு "ஸ்டார் டஸ்ட்" என்ற லங்காஸ்ட்ரியன் ஆர்ஜென்டீனாவின் புவெனஸ் ஐரிஸ் நகரிலிருந்து சிலியின் சாண்டியாகோ நகருக்குப் புறப்பட்டது. ஆறு பயணிகளும் ஐந்து பணியாளர்களும் இருந்தனர். பயணிகளுள் ஒருவர் பிரித்தானியத் தூதரகத்திற்கு ஆவணங்களைக் கொண்டு சென்ற அரச தூதர். அந்தீஸ் மலைத்தொடரை மேகம் மூடியிருந்தது. சாதாரண விமானங்கள் அத்தகைய நாட்களில் கணவாய்களைத் தேடும். லங்காஸ்ட்ரியனோ சிகரங்களுக்கு மேலாகவே பறக்க வல்லது.

மாலை 5.41 மணிக்கு விமானத்தின் வானொலி இயக்குநர் மோர்ஸ் குறியீட்டில் செய்தி அனுப்பினார்: 5.45 மணிக்குச் சாண்டியாகோவை அடைவோம். செய்தியின் இறுதியில் "ஸ்டெண்டெக்" என்று ஒலிக்கும் ஏழு எழுத்துகள் இருந்தன. தரையில் இருந்த சிலி இயக்குநருக்கு அது புரியவில்லை. மீண்டும் கேட்டபோது அதே சொல்லே வந்தது. பின்னர் ஒலி இல்லை. தேடுதல் பயனளிக்கவில்லை. வெடிகுண்டு, கடத்தப்பட்ட தங்கம், வேற்றுலகப் பறக்கும் தட்டு என அரை நூற்றாண்டுக் காலம் கதைகள் பெருகின.

1998 இல் துப்புங்காத்தோ மலையில் ஏறிய ஆர்ஜென்டீனர் இருவர், பனியாற்றில் மெர்லின் பொறி ஒன்றின் பாகங்களையும் துணித் துண்டுகளையும் கண்டனர். அவ்விடம் சாண்டியாகோவிலிருந்து ஏறத்தாழ 80 கி.மீ. கிழக்கே உள்ளது. 2000 ஆம் ஆண்டில் ஆர்ஜென்டீன இராணுவம் அங்கு சென்று சிதைவுகளையும் மனித எச்சங்களையும் மீட்டது. ஒரு சக்கரத்தின் டயரில் அப்போதும் காற்று இருந்தது. சுழல்விசிறியின் வளைவுகள், மோதிய கணத்தில் பொறி வழக்கமான வேகத்தில் இயங்கியதைக் காட்டின. அதாவது விமானத்தில் கோளாறு இருக்கவில்லை. 2002 இல் மரபணுச் சோதனை மூலம் உயிரிழந்தோர் சிலர் அடையாளம் காணப்பட்டனர்.

விளக்கம் காற்றில் இருந்தது. மிக உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பேராறு போல ஓடும் ஜெட் காற்றோட்டத்தை அன்றைய விமானிகள் பெரும்பாலும் அறிந்திருக்கவில்லை. விமானம் மேற்கு நோக்கிச் சென்றதால் அக்காற்று நேரெதிராக வீசி, தரையைப் பொறுத்த வேகத்தைப் பெரிதும் குறைத்தது. கீழே மேகம், ஆகவே தரை தெரியவில்லை. கடிகாரத்தையும் வேகமானியையும் வைத்துக் கணக்கிட்ட பணிக்குழு மலையைக் கடந்துவிட்டதாக நம்பி இறங்கத் தொடங்கியது. உண்மையில் மலை அவர்களுக்கு முன்னால் இருந்தது. மோதலால் ஏற்பட்ட பனிச்சரிவு விமானத்தைப் புதைத்திருக்க வேண்டும். பனியாறு அதை விழுங்கி, ஐம்பது ஆண்டுகள் மெல்ல நகர்த்தி, கீழே கொண்டுவந்து வெளிப்படுத்தியது. 2000 இல் ஆர்ஜென்டீன விமானப்படையின் விசாரணை தலைமை விமானிமீது குற்றமில்லை என்று அறிவித்தது.

இங்கு ஒரு முரண் கவனிக்கத்தக்கது. லங்காஸ்ட்ரியன் வலிமையற்றதாக இருந்திருந்தால் அந்த உயரத்திற்கே சென்றிராது, அக்காற்றிலும் சிக்கியிராது. "ஸ்டெண்டெக்" என்பதற்கு மட்டும் எல்லோரும் ஏற்கும் விடை இல்லை. மோர்ஸ் குறியீட்டில் புள்ளிகளுக்கும் கோடுகளுக்கும் இடைப்பட்ட இடைவெளி பிழையாகக் கேட்கப்பட்டிருக்கலாம் என்பது பொருத்தமான கருத்துகளுள் ஒன்று.

வடிவமைப்பாளரின் மரணம்

ஸ்டார் டஸ்ட் மறைந்து மூன்று வாரங்களில், ஆகஸ்ட் 23, 1947 அன்று, டியூடர் 2 வகையின் முன்மாதிரி விமானம் ஆவ்ரோவின் வுட்ஃபோர்டு ஓடுதளத்திலிருந்து எழுந்தவுடன் ஒருபுறமாகச் சாய்ந்து விழுந்தது. பராமரிப்பின்போது இறக்கை மடல்களின் கட்டுப்பாட்டு வடங்கள் மாற்றிப் பொருத்தப்பட்டிருந்தன. விமானி வலப்புறம் சாய்க்க முயன்றால் விமானம் இடப்புறம் சாயும். இறந்த நால்வருள் தலைமைச் சோதனை விமானி பில் தார்னும், வடிவமைப்பாளர் ராய் சாட்விக்கும் அடங்குவர். லங்காஸ்டர் முதல் டியூடர் வரை எல்லாவற்றையும் வரைந்தவர், தன் விமானத்திலேயே உயிரிழந்தார்.

ஸ்டார் டைகர், ஸ்டார் ஏரியல்

ஜனவரி 30, 1948 அதிகாலையில் "ஸ்டார் டைகர்" என்ற டியூடர் 4 விமானம் அசோர்சு தீவுகளிலிருந்து பெர்முடாவிற்குச் செல்லும் வழியில் 31 பேருடன் மறைந்தது. இறந்தோருள் போர்க்காலத்தில் புகழ்பெற்ற விமானப்படைத் தளபதி ஆர்தர் கானிங்காமும் ஒருவர். எதிர்க்காற்றைத் தவிர்ப்பதற்காக விமானம் இரவு முழுவதும் 2,000 அடி உயரத்திலேயே பறந்தது. அவ்வுயரத்தில் ஏதேனும் நேர்ந்தால் சரிசெய்யவோ உதவி கேட்கவோ சில நொடிகளே கிடைக்கும். இதே நிறுவனத்தின் லங்காஸ்ட்ரியன் ஒன்று ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்னதாக அதே வழியில் சென்று பத்திரமாக இறங்கியது. மாக்மில்லன் பிரபு தலைமையிலான விசாரணை நீதிமன்றம் காரணத்தைக் கண்டறிய இயலவில்லை என்று அறிவித்தது. டியூடர்களின் பறப்பு நிறுத்தப்பட்டதை வெளிப்படையாகக் கண்டித்த பென்னட் பதவி நீக்கப்பட்டார்.

மீண்டும் சேவைக்கு வந்த டியூடர்களுள் "ஸ்டார் ஏரியல்" ஜனவரி 17, 1949 அன்று பெர்முடாவிலிருந்து ஜமெய்க்காவிற்குச் செல்கையில் 20 பேருடன் மறைந்தது. வானம் தெளிவாக இருந்தது. விமானம் 18,000 அடி உயரத்தில் இருந்தது. பெரும் தேடலிலும் ஒரு துண்டும் அகப்படவில்லை. டியூடர்கள் பயணிகள் சேவையிலிருந்து விலக்கப்பட்டன. நிறுவனமும் அவ்வாண்டிலேயே மற்றோர் அரசு நிறுவனத்துடன் இணைக்கப்பட்டது. விமானி அறையின் தரைக்குக் கீழே அமைந்திருந்த வெப்பமூட்டியில் தீப்பிடித்திருக்கலாம் என்ற கருத்து பிற்காலத்தில் முன்வைக்கப்பட்டது. "பெர்முடா முக்கோணம்" பற்றிய நூல்கள் இவ்விரு விமானங்களையும் விடாமல் குறிப்பிடுகின்றன. அந்நூல்கள் வெப்பமூட்டியைப் பற்றிப் பேசுவது அரிது.

லாண்டோ விபத்து

மார்ச் 12, 1950 அன்று நிகழ்ந்த இவ்விபத்தில் மர்மம் எதுவும் இல்லை. பெல்ஃபாஸ்ட் நகரில் அயர்லாந்தை வென்ற வேல்ஸ் ரக்பி அணியின் ஆதரவாளர்கள் டப்ளினிலிருந்து டியூடர் 5 விமானம் ஒன்றில் ஊர் திரும்பினர். 72 பேருக்கென ஏற்பாடாகியிருந்த விமானத்தில் மேலும் ஆறு பேருக்கு இடம் செய்யப்பட்டது. தெற்கு வேல்ஸின் லாண்டோ தளத்தில் இறங்கும் வேளையில், உறவினர்கள் தரையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்க, மூக்கு மேல்நோக்கி எழுந்து விமானம் விசையிழந்து விழுந்தது. 83 பேரில் 80 பேர் இறந்தனர், மூவர் பிழைத்தனர். அன்றுவரை உலகில் நிகழ்ந்த விமான விபத்துகளுள் உயிரிழப்பு மிகுந்தது இதுவே. எடை பின்புறம் மிகுந்து, ஈர்ப்பு மையம் அனுமதிக்கப்பட்ட எல்லையைத் தாண்டியிருந்ததாக விசாரணை கண்டது.

பிற்கால விபத்துகள்

பயணிகள் சேவையிலிருந்து மறைந்த பின்னரும் மாற்றப்பட்ட குண்டுவீச்சு விமானங்கள் வேறு பணிகளில் தொடர்ந்தன. ஐக்கிய அமெரிக்காவில் காட்டுத்தீயை அணைக்கும் மருந்தைத் தெளிக்க அவை பல பத்தாண்டுகள் பயன்பட்டன. ஜூலை 18, 2002 அன்று கொலராடோ மாநிலத்தில் அத்தகைய பிரைவட்டீர் விமானம் ஒன்றின் இடது இறக்கை பறக்கும்போதே முறிந்து இருவர் இறந்தனர். நீண்ட காலப் பயன்பாட்டால் உலோகத்தில் உண்டான வெடிப்பே காரணம். அரை நூற்றாண்டுக்கு மேல் பழமையான விமானம் அது. லங்காஸ்ட்ரியனும் டியூடரும் விழுந்தபோது அவை ஏறத்தாழப் புத்தம் புதியவை.