கூட்டலுக்கு அடங்காத பாரம்

நிறத்தின் பேரால் தெருவில் அவமதிக்கப்பட்டு வீடு திரும்பும் அமெரிக்கக் கறுப்பினச் சிறுவனை அணைத்துக்கொள்ளும் தாய், அதே அவமதிப்பைத் தன் பால்யத்தில் தானும் அனுபவித்தவளாதலால், அதற்கு மருந்தான வார்த்தையையும் அறிந்திருக்கிறாள். ஆனால் அவனே வளர்ந்து, தன் நெஞ்சம் நாடுவது ஆண்களையே என்று உணரும்போது, அந்தத் துயரத்தை அதே மடியில் இறக்கிவைக்கப் பல வீடுகளில் இடமிருப்பதில்லை.

தன்பாலீர்ப்பாளரிடையே மனநோய்கள் மிகுதியாகக் காணப்படுவதற்குக் காரணம் அவர்களுடைய சுபாவமன்று, சமூகத்தின் வெறுப்பே என்பதை, 1995-இலும் பின்னர் 2003-இலும் இலான் மேயர் என்னும் ஆராய்ச்சியாளர் ‘சிறுபான்மை மனவழுத்தம்’ என்ற சித்தாந்தமாக விவரித்தார். நேரில் படும் அவமானம், இன்னும் வராத அவமானத்தை எதிர்பார்த்துக் காத்திருக்கும் அச்சம், உண்மையை மறைத்தே பேசும் ஓயாத ஜாக்கிரதை, பிறர் வெறுப்பைத் தன் வெறுப்பாகவே ஏற்றுக்கொள்ளும் தாழ்வுணர்ச்சி ஆகிய இவையெல்லாம் சேர்ந்து, ஆபத்துக் காலத்தில் மிகுந்து சுரக்கும் கார்ட்டிசால் முதலிய சுரப்புநீர்களை நித்தியமும் தொந்தரவு செய்து, நாளடைவில் தேகத்தையும் தேய்க்கின்றன.

வீட்டில் கிடைக்காத ஆறுதல் தம்மையொத்த தன்பாலீர்ப்பாளர் கூட்டத்திலாவது கிடைக்குமா என்றால், அங்கே மீண்டும் நிறம் குறுக்கே நிற்கிறது. 2011-இல் கிம்பர்லி பால்சம் குழுவினர் வகுத்த அளவுகோல், அக்கூட்டத்தினுள் நிலவும் இனவெறுப்பு, சொந்த இனத்தாரிடையே தன்பாலீர்ப்பின் மீதுள்ள வெறுப்பு, காதல் உறவுகளிலேயே தலைகாட்டும் இனபேதம் என மூன்றையும் தனித்தனியே அளக்கிறது. மத்தளத்துக்கு இருபுறமும் இடி என்பது இதுதான்.

ஆயினும், இடி இரண்டானால் நோயும் இரட்டிப்பாகும் என்று கணக்கிடுவது பிழை. நியூயார்க்கில் தன்பாலீர்ப்பாளரும் இருபாலீர்ப்பாளருமான 388 பேரை ஆராய்ந்து மேயரும் சகாக்களும் 2008-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, கறுப்பினத்தவரிடையே மனநோய்கள் வெள்ளையரிடையே இருந்ததைவிடக் குறைவாகவே இருந்தன. ஆனால் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் வெள்ளையரைவிட அதிகமாகத் தற்கொலைக்கு முயன்றிருந்தனர். அம்முயற்சிகளில் பெரும்பாலானவை இளம்பிராயத்தில் நிகழ்ந்தவை.

நிறத்தால் வந்த அவமானத்தைத் தாங்கப் பழகிய மனம் இரண்டாவது அவமானத்தையும் தாங்கும் வலிமையைப் பெறுகிறதோ என்பது அறிஞர் சிலருடைய ஊகம். அது மெய்யாயினும், அந்த வலிமை சித்திக்குமுன்பே வரும் பருவம் ஒன்றுண்டு. அப்பருவத்தில் பிள்ளைக்குப் பெற்றோர் வீட்டைத் தவிர வேறு போக்கிடமில்லை. ‘குற்றம் உன்னுடையதன்று’ என்று நிறத்துக்காகச் சொல்லப் பழகிய நாவு, காதலுக்காகவும் அதையே சொல்லுமானால், அதற்குப் புதிய மொழி எதுவும் கற்கவேண்டியதில்லை.