சட்டி பிறந்தது... கஞ்சி பிறந்தது!

இந்த வருஷம் தை மாசம் ராசிபுரம் பக்கத்திலிருந்து ஒரு பாட்டியம்மாவை அவர் மருமகள் அழைத்து வந்திருந்தார். வயசு எழுபத்தைந்து. பல் முழுக்கப் போய்விட்டது. ஒரே வருஷத்தில் எட்டுக் கிலோ இளைத்திருந்தார்.

"மிக்ஸியில அடிச்சுக் குடுத்தாலும் துப்பிடறாங்க டாக்டர்" என்று மருமகள் கண் கலங்கினார்.

காரணமில்லாமல் இப்படி எடை குறைந்தால் சும்மா விடக்கூடாது. ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே எல்லாம் எடுக்கச் சொன்னேன். நல்லவேளை, பெரிதாக ஒன்றுமில்லை.

"உங்களுக்கு என்னதாங்க சாப்பிடத் தோணுது?" என்று பாட்டியம்மாவிடமே கேட்டேன்.

"மண் சட்டியில கொள்ளும் அரிசியும் குழையக் குழைய வெச்ச கஞ்சிங்க சாமி!"

எனக்குச் சிரிப்பு வந்தது. மனுஷன் முதன்முதலில் சட்டி செய்ததே இதற்காகத்தானோ?

நாடோடிகள் கண்ட சட்டி

விவசாயம் வந்த பிறகுதான் பானை வந்தது என்று பலரும் நினைக்கிறோம். அப்படியில்லை. சீனாவின் சியான்ரென்தோங் குகையில் கிடைத்த ஓடுகள் சுமார் 20,000 ஆண்டுப் பழமையானவை என்று 2012-ல் அறிவித்தார்கள். அப்போது உழவே கிடையாது. வேட்டையாடி, கிழங்கு தோண்டி, இடம் மாறி அலைந்த கூட்டங்கள்தான். ஜப்பானின் ஜோமோன் மக்களும் அப்படியே. அவர்களுடைய பழைய சட்டிகளில் மீன் கொழுப்பின் தடயம் ஒட்டியிருப்பதை 2013-ல் வெளியான ஆய்வு காட்டியது.

சட்டி இல்லாத காலத்தில் சூடான கல்லைக் குழித் தண்ணீரில் போட்டு வேக வைப்பதும் ஒரு வழி. சட்டி வந்ததும் அடுப்பில் ஏற்றிவிட்டு வேறு வேலை பார்க்கலாம். பல் முளைக்காத குழந்தைக்கும் பல் விழுந்த கிழவிக்கும் சோறு கிடைத்தது!

நம்ம பக்கத்தில்?

சேலத்துக்கு வடக்கே, இன்றைய திருப்பத்தூர் மாவட்டத்தில் பையம்பள்ளி என்ற ஊர். 1960-களில் இந்தியத் தொல்லியல் துறை அங்கே தோண்டியபோது, புதிய கற்கால மக்கள் கையாலேயே வனைந்த சாம்பல் நிறச் சட்டிகள் கிடைத்தன. கூடவே கருகிய கொள்ளும் பாசிப்பயறும்! கர்நாடக, ஆந்திரப் பகுதிகளில் மாடு மேய்த்துத் திரிந்த அக்கால மக்களும் இதே மாதிரிச் சட்டிகளை வைத்திருந்தார்கள். அவர்கள் எரித்த சாணம் இன்றும் சாம்பல் மேடாக நிற்கிறது.

கொள்ளைச் சரியாக வேக வைக்காமல் தின்றால் வயிறு உப்பும். புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருள்கள் அதில் உண்டு. நன்றாக வெந்தால் அவை பெரும்பாலும் அடங்கிவிடும். சட்டியும் கொள்ளும் சேர்ந்தே கிடைத்ததில் ஆச்சரியமில்லை.

எங்கள் சித்த மருத்துவமும் மண்ணை விட்டதில்லை. குடிநீரை மண் கலயத்தில் எட்டில் ஒன்றாகச் சுண்டக் காய்ச்சுவோம். புடம் போட, அகலைச் சீலைமண் சுற்றி மூடுவோம்.

வாங்கும்போது கவனியுங்கள்

* பளபளப்பான மெருகு, வண்ணம் பூசிய சட்டி சமையலுக்கு வேண்டாம். சில மெருகுகளில் ஈயம் இருக்கலாம். புளிக்குழம்பு வைத்தால் அது உணவில் இறங்கும்.

* புதுச் சட்டியை ஒரு நாள் தண்ணீரில் ஊற வையுங்கள். பிறகு அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றி, சிறு தீயில் கொதிக்க விட்டுப் பழக்குங்கள்.

* சோப்புப் போடாதீர்கள். மண் அதைக் குடித்துவிடும். தேங்காய் நாரும் வெந்நீரும் போதும்.

* மண் பானை தண்ணீரைக் குளிர வைக்கும், கிருமியைக் கொல்லாது. காய்ச்சி ஆற வைத்துத்தான் ஊற்ற வேண்டும்.

* சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தினமும் கொள்ளுக் கஞ்சி குடிக்க வேண்டாம்.

சித்திரையில் பாட்டியம்மா மறுபடி வந்தார். மூன்று கிலோ ஏறியிருந்தது. கஞ்சியோடு மசித்த பருப்பும் முட்டையும் கொடுத்திருக்கிறார்கள்.

"எல்லாம் சட்டி ராசியா?" என்று கேட்டேன்.

மருமகள் தயங்கிச் சொன்னார்: "முன்னெல்லாம் தட்டை வெச்சுட்டுப் போயிடுவேனுங்க. இப்ப கஞ்சி ஆறுற வரைக்கும் அத்தைகிட்டயே உக்காந்திருக்கேன்."

சட்டியில் மந்திரம் ஒன்றுமில்லை. அது ஆறுகிற நேரம் பக்கத்தில் ஒருவர் இருப்பதுதான் மருந்து. உங்கள் வீட்டுப் பெரியவர் தனியாகச் சாப்பிடுகிறாரா? இன்று இரவு கொஞ்சம் பக்கத்தில் உட்காருங்களேன்!