கண்ணுக்கா, காலுக்கா?

சேலம், நாமக்கல் மாவட்டங்களில் முகூர்த்த நாள் வந்துவிட்டால் புதுமனை புகுவிழா அழைப்பிதழ் ஒன்றாவது வீடு தேடி வந்துவிடுகிறது. முன்பெல்லாம் விருந்தினரை அழைத்துச் சென்று தேக்கு நிலைக்கதவையும் பூஜையறையையும் காட்டுவார்கள். இப்போது குளியலறையையும் சமையலறையையும் காட்டுகிறார்கள். காட்டப்படுவது அறை அல்ல. அதன் தரையிலும் சுவரிலும் பதிக்கப்பட்டிருக்கும் டைல்ஸ்.

சில ஆண்டுகளுக்கு முன்பு ராசிபுரத்தை அடுத்த சிற்றூரில் என் அக்காவின் மகன் கட்டிய வீட்டுக்குச் சென்றிருந்தேன். குளியலறைத் தரை வெண்பளிங்கு போல மின்னியது. குனிந்தால் முகம் தெரிந்தது. எல்லாரும் பாராட்டினோம், நானும்தான். ஆறு மாதம் கழித்து, அதே தரையில் சோப்பு நீரில் வழுக்கி விழுந்து அக்காவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. மழையிலும் சேற்றிலும் ஐம்பது ஆண்டுகள் வரப்பில் நடந்தும் ஒருநாள்கூட வழுக்கி விழாதவர் அவர்.

அன்று முதல் எந்த வீட்டுக்குப் போனாலும் என் கண் தரையைத்தான் முதலில் பார்க்கிறது. இந்தத் தரை யாருக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டது? பார்க்க வருபவரின் கண்ணுக்கா, வாழ்பவரின் காலுக்கா?

நம் பகுதியின் பழைய வீடுகளில் சாணம் மெழுகிய மண் தரை இருந்தது. அதன்பின் சிவப்புச் சாயம் கலந்து இழைத்த சிமென்ட் தரை வந்தது. பிறகு கடப்பைக் கல், மொசைக், கிரானைட் என ஒவ்வொன்றாக வந்தன. குளிக்கும் இடம் புழக்கடையில் இருந்தது. அங்கே கிடந்தது உளியால் கொத்திய சொரசொரப்பான பலகைக் கல். வசதியற்ற காலத்தின் அடையாளமாக அதை நினைக்கிறோம். ஆனால், ஈரக்கால் பதியும் இடம் சொரசொரப்பாக இருக்க வேண்டும் என்ற அறிவு அந்தக் கல்லில் இருந்தது.

குளியலறை வீட்டுக்குள் வந்தபோது டைல்ஸும் உடன் வந்தது. முதலில் இடுப்பளவு உயரத்துக்கு வெள்ளை நிறத்தில் சிறு டைல்ஸ் பதித்தார்கள். அடுத்து, கீழே அடர்நிறம், மேலே வெளிர்நிறம், நடுவில் பூவேலைப் பட்டை என்ற பாணி வந்தது. சமையலறைச் சுவரில் பழக்கூடையும் தேநீர்க் கோப்பையும் படங்களாக அமர்ந்தன. இன்று அவை பழைய பாணியாகிவிட்டன. இப்போது குளியலறைச் சுவர் முழுவதும் கூரை வரை டைல்ஸ். அதில் ஒரு சுவர் மட்டும் வேறு வடிவத்தில். சமையலறை மேடையின் பின்சுவரில் செங்கல் வடிவச் சிறு டைல்ஸ் அல்லது மொராக்கோ பாணிக் கோலங்கள். தரையில் இரண்டுக்கு இரண்டு அடி போய், இரண்டுக்கு நான்கு அடி வந்து, அதையும் தாண்டிய பெரும்பலகைகள் விற்பனைக்கு வந்துவிட்டன. இணைப்புக் கோடுகள் கண்ணில் படாமல் ஒரே கல்லாகத் தெரிய வேண்டும் என்பதுதான் இன்றைய விருப்பம். பளபளப்புக்குப் போட்டியாக மங்கலான 'மேட்' வகைகளும், மரப்பலகை போன்றவையும், சிமென்ட் பூச்சு போன்றவையும் அணிவகுக்கின்றன.

இந்தப் பாணிகள் நம் ஊரில் பிறந்தவை அல்ல. உலக அளவில் டைல்ஸ் உற்பத்தியில் சீனாவுக்கு அடுத்த இடத்தில் இந்தியா இருக்கிறது. இந்திய உற்பத்தியின் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் குஜராத்தில் மச்சு நதிக்கரையில் உள்ள மோர்பி நகரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் நடைபெறுகிறது. அங்கிருந்து ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கும் மேல் லாரிகளில் பயணித்து வரும் பெட்டிகளைத்தான் சேலத்தின் கடைகளிலும் நாமக்கல், திருச்செங்கோடு கடைகளிலும் பார்க்கிறோம்.

பாணிகள் இவ்வளவு விரைவாக மாறுவதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் உண்டு. 2000-ஆம் ஆண்டையொட்டி ஸ்பெயினில் அறிமுகமான டிஜிட்டல் அச்சு முறை, பின்னர் மோர்பி ஆலைகளுக்கும் வந்து சேர்ந்தது. முன்பு ஒரு புதிய வடிவத்துக்குத் தனி உருளை தயாரிக்க வேண்டும். இப்போது கணினியில் படத்தை மாற்றினால் போதும். உள்ளே இருக்கும் சுட்ட மண் ஒன்றே. மேலே அச்சாவது இத்தாலியப் பளிங்காகவோ தேக்கு மரமாகவோ இருக்கலாம். வடிவத்தை மாற்றும் செலவு மிகக் குறைந்துவிட்டதால், ஆலைகளுக்கிடையிலான போட்டி தரத்தைவிட வடிவத்தில் நடக்கிறது. நேற்று வந்த வடிவம் நாளை நின்றுபோகிறது.

இதன் விலையைக் கொடுப்பவர் வாங்குபவர்தான். மூன்று ஆண்டுகள் கழித்துக் குழாய் உடைந்து இரண்டு டைல்ஸைப் பெயர்த்தெடுக்க நேர்ந்தால், அதே வடிவம் சந்தையில் கிடைப்பதில்லை. அதே பெயரில் கிடைத்தாலும், வேறொரு நாள் சூளையில் வெந்த தொகுதி நிறத்தில் சற்றே மாறுபடும். ஒட்டுப்போட்டதுபோல் தெரிகிறது என்று சுவர் முழுவதையும் மாற்றிய வீடுகளை நான் அறிவேன். பாத்திரமோ திரைச்சீலையோ பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம். வீட்டிலேயே மாற்றுவதற்கு மிகக் கடினமான பொருள்களில் ஒன்றை, மிக விரைவாக மாறும் பாணியைப் பார்த்து வாங்குகிறோம்.

இதில் ஒரு முரண் உண்டு. காரைக்குடிக்கு அருகில் உள்ள ஆத்தங்குடியில் இன்றும் கையால் தரைக்கல் செய்கிறார்கள். கண்ணாடித் தகட்டின்மீது அச்சுச் சட்டத்தை வைத்து, வண்ணச் சிமென்ட் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமென்ட்டும் நிரப்பி, நீரில் ஊறவைத்து, வெயிலில் உலர்த்துகிறார்கள். சூளையும் எரிபொருளும் தேவையில்லை. அந்தக் கோலங்களை அச்சிட்ட டைல்ஸ் இப்போது தொலைதூர ஆலைகளில் இருந்து 'ஆத்தங்குடி மாடல்' என்ற பெயரில் நம் கடைகளுக்கு வருகிறது. கூடத்துக்கும் திண்ணைக்கும் ஏற்ற அசல் கல் சில மணி நேரப் பயணத்தில் கிடைக்கும்போது, அதன் படத்தை நெடுந்தொலைவிலிருந்து தருவிக்கிறோம்.

பாணியை விரும்புவது குற்றமல்ல. உழைத்துச் சேர்த்த பணத்தில் கட்டிய வீடு அழகாக இருக்க வேண்டும் என்ற ஆசை இயல்பானது. ஆனால், அழகுக்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும்: காலுக்கு ஏற்றதா? தண்ணீருக்கு ஏற்றதா? பதிக்கும் கைக்கு ஏற்றதா?

முதலில் கால். விழுவதால் உலகெங்கும் ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் உயிரிழப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. சாகும் அளவுக்கு விழுபவர்களில் பெரும்பகுதியினர் 60 வயதைக் கடந்தவர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழக மக்களில் 10.4 சதவீதத்தினர் 60 வயதுக்கு மேற்பட்டவர்கள். இந்தப் பங்கு தொடர்ந்து உயர்ந்து வருகிறது. பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்க, புதிய வீட்டில் முதியவர்கள் மட்டுமே வாழும் நிலை நம் மாவட்டங்களில் சாதாரணமாகிவிட்டது.

வழுக்கலை அளக்க முறைகள் இல்லாமல் இல்லை. ஜெர்மனியில் உருவான சோதனைகள் இரண்டு பரவலாகப் பின்பற்றப்படுகின்றன. காலணி அணிந்து நடக்கும் தரைக்கு ஆர்-9 முதல் ஆர்-13 வரை. வெறுங்காலுடன் நீரில் நடக்கும் தரைக்கு ஏ, பி, சி. எண்ணும் எழுத்தும் ஏற ஏறப் பிடிப்பு கூடும். குளியலறையில் நாம் வெறுங்காலுடன் நிற்பதால் இரண்டாவது அளவே முக்கியம்; 'பி' வகுப்புக்குக் குறையாமல் கேட்பது நல்லது. 'ஆன்டி-ஸ்கிட்' என்று பெட்டியில் அச்சிட்டிருப்பது மட்டும் ஓர் அளவாகாது.

இன்னொரு உண்மையையும் கொத்தனார்கள் அறிவார்கள். குளியலறைத் தரைக்கு நீர் வடியும் துளையை நோக்கி நாலாபுறமும் வாட்டம் தேவை. ஒன்றுக்கு ஒன்று அடி டைல்ஸில் வாட்டம் எளிதாக அமையும்; இடையிலுள்ள கோடுகளும் காலுக்குப் பிடிப்புத் தரும். பெரும்பலகையை வளைக்க முடியாது. வெட்டிப் பதிக்க வேண்டும், இல்லையேல் நீர் தேங்கும். கூடத்துக்கு அழகாக இருக்கும் பலகை, குளியலறைக்கு ஆபத்தாக மாறுவது இப்படித்தான்.

அடுத்தது தண்ணீர். கடினப் பாறைப் பகுதியான நம் மாவட்டங்களில் பல வீடுகளின் புழக்கம் ஆழ்துளைக் கிணற்று நீரை நம்பியே இருக்கிறது. அந்த நீர் பல இடங்களில் உப்பு மிகுந்த கடின நீர். அடர்நிற டைல்ஸில் அது காய்ந்தால் வெள்ளைப் படலம் படியும். பாணி என்று கருப்பும் கருநீலமும் பதித்தவர்கள் சில மாதங்களில் அமிலத்தை ஊற்றித் தேய்க்கிறார்கள். அமிலம் உப்பை மட்டுமல்ல, இணைப்பில் உள்ள சிமென்ட்டையும் கரைக்கிறது. அந்த இடைவெளியில் இறங்கும் நீர், கீழ்வீட்டுக் கூரையில் கசிவாகத் தெரிகிறது. கடின நீர் உள்ள வீட்டுக்கு வெளிர்மணல் நிறமும் வெளிர்சாம்பல் நிறமுமே உகந்தவை. இணைப்புக்கு எபாக்ஸி கலவை சற்றுச் செலவு கூடுதல். ஆனால் அமிலத்தையும் கறையையும் தாங்கும். சமையலறையிலும் இதே கணக்குத்தான். அடுப்புக்குப் பின்சுவரில் வழவழப்பான டைல்ஸ் இருந்தால் எண்ணெயும் மஞ்சள் கறையும் ஒரே துடைப்பில் போகும். மேடு பள்ளமான வடிவங்களில் தங்கிவிடும். காலடித் தரையோ மங்கலாகவும் பிடிப்புடனும் இருக்க வேண்டும். சுவருக்கும் தரைக்கும் ஒரே டைல்ஸ் என்ற இன்றைய பாணி இந்த வேறுபாட்டை மறந்துவிடுகிறது.

மூன்றாவது, பதிக்கும் கை. டைல்ஸின் வகையை அது உறிஞ்சும் நீரின் அளவே தீர்மானிக்கிறது. விட்ரிஃபைடு வகை தன் எடையில் அரை சதவீதத்துக்கும் குறைவான நீரையே உறிஞ்சும். சுவருக்கான செராமிக் வகை பத்து சதவீதத்துக்கும் மேல் உறிஞ்சும். பின்புறத்தில் சில துளி நீர் விட்டுப் பார்த்தாலே வேறுபாடு தெரிந்துவிடும். சுவர் டைல்ஸைத் தரையில் பதித்தால் மிதிபட்டுத் தேயும், உடையும். நீரை உறிஞ்சாத விட்ரிஃபைடு வகை, பழைய சிமென்ட் பாலில் சரியாகப் பிடிக்காது. அதற்கென உள்ள ஒட்டுக்கலவை வேண்டும். அதையும் நான்கு மூலைகளில் உருண்டையாக வைக்காமல் முழுப்பரப்பிலும் சீவிப் பூச வேண்டும். தட்டினால் 'டொக் டொக்' என வெற்றோசை எழும் தரைகள் எல்லாம் இந்தச் சிக்கனத்தின் விளைவு. பதிப்பவரின் நுரையீரலையும் நினைக்க வேண்டும். உலர்ந்த நிலையில் டைல்ஸை அறுத்தால் பறக்கும் சிலிக்கா தூசு, காலப்போக்கில் சிலிகோசிஸ் நோயைத் தரும். நீர் விட்டு அறுப்பதும் முகக்கவசமும் வீட்டுக்காரர் கேட்டுப் பெற வேண்டியவை.

இவ்வளவும் வாங்குபவருக்குத் தெரியாதது ஏன்? பொருளின் தரம் விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாதபோது சந்தையில் தரமே தோற்றுப்போகும் என்று பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-இல் விளக்கினார். 2001-இல் நோபல் பரிசும் பெற்றார். பழைய கார்களை வைத்து அவர் சொன்னது டைல்ஸ் கடைக்கும் பொருந்தும். கடையில் விளக்கொளியில் நிற்பது நிறம் மட்டுமே. வழுக்கும் தன்மை, நீர் உறிஞ்சும் அளவு, தொகுதி எண் ஆகியவை கண்ணுக்குத் தெரிவதில்லை. தெரியாததற்கு யாரும் கூடுதல் விலை கொடுப்பதில்லை. ஆகவே, நல்ல பிடிப்புள்ள டைல்ஸை முன்வரிசையில் வைக்கக் கடைக்காரருக்கும் காரணம் இல்லை.

இந்த நிலையை மாற்றுவது கடினமல்ல. டைல்ஸுக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பு வகுத்த ஐ.எஸ். 15622 என்ற தரக்குறியீடு ஏற்கெனவே உள்ளது. குளியலறைத் தரைக்கென விற்கும் ஒவ்வொரு பெட்டியிலும், வெறுங்கால் வழுக்கல் வகுப்பை மக்கள் மொழியில் பெரிய எழுத்தில் அச்சிடச் செய்யலாம். மின்விசிறியிலும் குளிர்பதனப் பெட்டியிலும் நட்சத்திரக் குறியைப் பார்த்து வாங்கப் பழகிய மக்கள், இதையும் பார்த்து வாங்குவார்கள். கட்டுமானத் தொழிலாளர்களுக்கென நல வாரியம் உள்ள தமிழ்நாட்டில், டைல்ஸ் பதிப்போருக்குப் புதிய ஒட்டுமுறைகளிலும் தூசுப் பாதுகாப்பிலும் குறுகிய காலப் பயிற்சி தருவது இயலாத காரியமல்ல.

சட்டம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். கடைக்குச் செல்லும்போது வீட்டின் மூத்தவரையும் அழைத்துச் செல்லுங்கள். தேர்ந்தெடுத்த டைல்ஸைத் தரையில் வைத்துச் சோப்பு நீர் ஊற்றி, விரலால் தேய்த்துப் பாருங்கள். தேவைக்கு மேல் பத்து சதவீதம் ஒரே தொகுதியில் வாங்கி, ஒரு பெட்டியைப் பரணில் வையுங்கள். மிச்சமாகும் பணத்தில் குளியலறைச் சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி பொருத்துங்கள்.

என் அக்கா இப்போது கைத்தடியின் துணையுடன் நடக்கிறார். அந்த வெண்பளிங்குத் தரையின்மீது ஒரு ரப்பர் விரிப்பு கிடக்கிறது. ஆசைப்பட்டு வாங்கிய அழகு அதன் அடியில் மறைந்திருக்கிறது.