அரைவையின் வேகம்: உப்பும் காரீயமும்

முன்னுரை

‘உப்பில்லாப் பண்டம் குப்பையிலே’ என்பது நம் முன்னோர் வாக்கு. அவ்வுப்பு விளையும் நெய்தல் நிலங்களுள் மரக்காணம் குறிப்பிடத்தக்கது. சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே செல்வோர், பாத்தி பாத்தியாக விரிந்து கிடக்கும் அளங்களையும் வெண்குன்றுகள் போல் நிற்கும் உப்புக் குவியல்களையும் இவ்வூரில் காணலாம். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இப்பகுதியே என அறிஞர் பலர் கருதுவர். இங்கு வாரப்படுவது கல் உப்பு. அது தூள் உப்பாகி உறைக்குள் அடைபட வேண்டுமாயின், அரைவை எந்திரத்தினுள் புகுந்து வெளிவருதல் வேண்டும்.

அரைத்தலைப் பலரும் எளிய தொழிலாகவே எண்ணுவர். விரைவாகச் சுழற்றினால் பொருள் நுண்மையாகும்; இன்னும் விரைவாகச் சுழற்றினால் இன்னும் நுண்மையாகும் என்பது அவர்தம் கருத்து. உளுந்தை ஆட்டுக்கல்லில் ஆட்டியதற்கும் மிக்சியில் ஓட்டியதற்கும் உள்ள வேறுபாட்டை அறிந்த நம் இல்லத்துப் பெண்டிர் இக்கருத்தை ஏற்கமாட்டார். எந்திரம் எவ்வளவு விரைந்து சுழல வல்லது என்பதைக் கொண்டு வேகத்தை முடிவு செய்தல் பிழை. அரைபடும் பொருளின் குணமே வேகத்தை முடிவு செய்தல் வேண்டும். இவ்வுண்மையை உப்பினும் தெளிவாகக் காட்டும் பொருள் ஒன்று தமிழக மண்ணிலேயே கிடைக்கிறது. சிவகங்கைச் சீமையின் கிராஃபைட்டே அது. முதலில் அதனைக் கண்டு, பின்னர் உப்பிற்குத் திரும்புவோம்.

பெயரும் பொருளும்

தமிழில் ஈயம் இருவகைப்படும். வெண்மையானது வெள்ளீயம், கருமையானது காரீயம். பென்சிலின் உள்ளே இருக்கும் கரிய குச்சியையும் மக்கள் காரீயம் என்றே அழைத்துப் பழகிவிட்டனர். ஆங்கிலேயரும் அதனைக் ‘கறுப்பு ஈயம்’ என்றே வழங்கினர். ஆனால் அதில் ஈயம் சிறிதும் இல்லை. அது கரியின் ஒரு வடிவமே என்பதை ஷீலே என்னும் சுவீடன் நாட்டு வேதியியலார் 1779இல் நிறுவினார். ‘எழுதுதல்’ என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து கிராஃபைட் என்னும் பெயரை 1789இல் அமைத்தவர் ஜெர்மானியரான வெர்னர். பெயர் மயக்கம் தீர்ந்த பின்னரே பொருளின் குணம் விளங்கும் என்பதற்காகவே இவ்வரலாறு ஈண்டுக் கூறப்பட்டது.

கிராஃபைட்டில் கரியணுக்கள் ஏடு ஏடாக அடுக்கப்பட்டுள்ளன. ஓர் ஏட்டினுள் அணுக்கள் ஒன்றையொன்று இறுகப் பற்றியுள்ளன. ஏட்டிற்கும் ஏட்டிற்கும் இடையேயுள்ள பிணைப்போ மிக மெலிது. ஆகவே ஓலைச்சுவடி கட்டவிழ்ந்தாற்போல் ஏடுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன. தாளில் எழுதும்போது கரி ஒட்டுவதும், எந்திரங்களுக்கு உயவுப் பொருளாகப் பயன்படுவதும் இக்குணத்தாலேயே. மோவின் கடினத்தன்மை அளவுகோலில் இதன் எண் 1 முதல் 2 வரை. இதனுடன் கலந்து கிடக்கும் குவார்ட்ஸ் கல்லின் எண் 7. மென்மையானதும் வன்மையானதும் ஒரே பாறையில் பின்னிக் கிடப்பதே அரைவையின் சிக்கலுக்கு மூலகாரணம்.

சிவகங்கைச் செதில்கள்

சிவகங்கையை அடுத்த புதுப்பட்டி, குமாரிபட்டி, சேந்தி உடையநாதபுரம் ஆகிய ஊர்ப்பகுதிகளில் கிராஃபைட் பாறை உள்ளது. 1977இல் தோற்றுவிக்கப்பட்ட தமிழ்நாடு கனிம நிறுவனம் அங்குச் சுரங்கமும் செறிவூட்டும் ஆலையும் அமைத்தது. அப்பாறையில் நிலைத்த கரி சராசரியாகச் சுமார் 14 விழுக்காடு. அதனை 96 விழுக்காடு வரை உயர்த்துவதே ஆலையின் பணி. இலங்கையின் போகலா, ககட்டகக முதலிய சுரங்கங்களில் கிராஃபைட் தூய நரம்புகளாகப் பாறையினூடே ஓடுகிறது. அதனைக் கையாலேயே தரம் பிரிக்கலாம். சிவகங்கையில் அது சிறுசிறு செதில்களாகப் பாறையினுள் சிதறிக் கிடப்பதால் அரைத்தலன்றி வேறு வழியில்லை.

அச்செதிலின் அளவே அதன் விலையை முடிவு செய்கிறது. பெரிய செதில்கள் உலோகம் உருக்கும் மூசைகளுக்கும் உலைச் செங்கற்களுக்கும் வேண்டப்படுகின்றன. மின்கலங்களுக்கு வேண்டுவது மிக நுண்ணிய, உருட்டி வடிவமைத்த பொடி. பெரிய செதிலை எப்போது வேண்டுமாயினும் பொடியாக்கலாம். பொடியை மீண்டும் செதிலாக்க இயலாது. எனவே தவறான வேகத்தில் ஆலை ஓடும் ஒவ்வொரு மணியும் மீளாத இழப்பாகும்.

எவ்வளவு வேகம்?

பாறையை அரைக்க இரும்புக் குண்டுகள் இட்ட உருளை ஆலை பயன்படுகிறது. உருளை சுழலும்போது குண்டுகள் அதன் சுவரோடு மேலேறுகின்றன. வேகம் குறைவாயின் ஏறிய குண்டுகள் சரிவில் உருண்டு இறங்கிப் பொருளைத் தேய்க்கின்றன. வேகம் கூடினால் மேலிருந்து எறியப்பட்டு வீழ்ந்து மோதுகின்றன. மேலும் கூடினால் குண்டுகள் சுவரோடு ஒட்டிக்கொண்டு சுற்றி வரும். அரைவை அடியோடு நின்றுவிடும். நீர் நிறைந்த வாளியைக் கயிற்றில் கட்டித் தலைக்கு மேல் வேகமாகச் சுழற்றினால் நீர் சிந்தாதிருப்பதும் இதே விதியால்தான். குண்டுகள் ஒட்டிக்கொள்ளத் தொடங்கும் வேகத்தை மாறுநிலை வேகம் எனலாம்.

இதனைக் கணக்கிடும் முறை எளிது. உருளையின் உள்விட்டத்திலிருந்து குண்டின் விட்டத்தைக் கழித்து, மீதியை மீட்டரில் எழுதி, அதன் வர்க்கமூலத்தால் 42.3 என்னும் எண்ணை வகுத்தால் மாறுநிலை வேகம் நிமிடச் சுற்றுக் கணக்கில் கிடைக்கும். உள்விட்டம் 2.30 மீட்டர், குண்டு 5 சென்டிமீட்டர் எனக் கொள்வோம். மீதி 2.25, வர்க்கமூலம் 1.5, விடை 28.2 சுற்று. இதில் 65 முதல் 75 விழுக்காடு வரை ஆலையை ஓட்டுதல் பெருவழக்கு. அஃதாவது நிமிடத்திற்குச் சுமார் 18 முதல் 21 சுற்று. மீதி ஒரு மீட்டரே உள்ள சிறிய உருளைக்கு மாறுநிலை வேகம் 42.3 சுற்று. உருளை பெரிதாகப் பெரிதாகச் சுற்று குறைய வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

கடும்பாறையை உடைக்க மோதுதல் வேண்டும். செதிலைக் காக்கத் தேய்த்தலே நன்று. ஆதலின் தொடக்க அரைவைக்கு ஓரளவு கூடிய வேகமும், செதில் விடுபட்ட பின்னர் மெல்லிய அரைவையும் பொருந்தும். ஒரே மூச்சில் இறுதிவரை அரைப்பது கூடாது. முதலில் பருமையாக அரைத்து, நுரை மிதப்பு முறையில் கரியைப் பிரித்து, எஞ்சிய கல் ஒட்டியுள்ள செதில்களை மட்டும் மீண்டும் மெல்ல அரைத்து, மீண்டும் மிதக்கவிடுதல் முறையாகும். கிராஃபைட் நீரில் எளிதில் நனையாது. நுரைக்குமிழியைப் பற்றிக்கொண்டு மேலே வரும். கல்லோ அடியில் தங்கும். ‘பதறாத காரியம் சிதறாது’ என்னும் பழமொழிக்கு இதனினும் பொருத்தமான உரை வேண்டுவதில்லை.

வேகத்தைப் பேணுதல்

வேகத்தைத் தேர்ந்தால் மட்டும் போதாது. அதனைப் பேணவும் வேண்டும். உருளையின் உட்கவசத் தகடு நாளடைவில் தேய்கிறது. மேற்சொன்ன உருளையில் இருபுறமும் 5 சென்டிமீட்டர் தேய்ந்தால் மாறுநிலை வேகம் 28.2இலிருந்து 27.6ஆகக் குறையும். நிமிடத்திற்கு 20 சுற்று என மாறாமல் ஓடினாலும், 71 விழுக்காடாக இருந்தது 72.5 விழுக்காடாகிவிடும். இது சிறிய மாற்றமே. ஆனால் குண்டுகளை மேலேற்றும் தகட்டு வரம்புகளும் உடன் தேய்வதால் குண்டுகள் ஏறாமல் வழுக்கும். உலர்நிலையில் அரைக்கும்போது கிராஃபைட் பூச்சும் அவ்வழுக்கலைக் கூட்டும். இந்நிலையில் வேகத்தைக் கூட்டுதல் நோயை விட்டு நிழலுக்கு மருந்திடுவதாகும். தகட்டை மாற்றுதலே மருந்து.

பட்டை வழுக்குதலும் வேகத்தைக் கெடுக்கும். நிமிடத்திற்கு 1440 சுற்றுள்ள மோட்டாரில் 100 மில்லிமீட்டர் கப்பியும் ஆலையில் 300 மில்லிமீட்டர் கப்பியும் இருந்தால் ஆலைத்தண்டு 480 சுற்று ஓட வேண்டும். சுழற்சிமானி குறைத்துக் காட்டினால் பட்டை தளர்ந்துள்ளது என அறியலாம். அனுபவமுள்ள தொழிலாளர் காதாலேயே ஆலையை அறிவர். சீரான இரைச்சல் நலத்தின் அறிகுறி. கணீரென்ற உலோக ஒலி எழுந்தால் உள்ளே பொருள் குறைவு அல்லது வேகம் மிகுதி. ஒலி மந்தமானால் பொருள் அளவுக்கு மீறிவிட்டது எனப் பொருள்.

உப்பின் கதை

இனி நம் கடற்கரைக்கு வருவோம். உப்பு வழுக்கும் பொருளன்று, நொறுங்கும் பொருள். கனசதுரப் படிகமாதலின் ஓர் அடியிலேயே நேர்த்தளங்களில் பிளக்கும். அதற்குச் சுத்தியல் ஆலை பொருந்தும். இங்கு நோக்கத்தக்கது சுற்றுக் கணக்கன்று. சுத்தியல் முனையின் வேகமே. 40 சென்டிமீட்டர் விட்டத்தில் நிமிடத்திற்கு 3000 சுற்று ஓடினால், முனை நொடிக்கு ஏறத்தாழ 63 மீட்டர், அஃதாவது மணிக்கு 226 கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது. முன்னர்க் கண்ட பெரிய உருளையின் சுவரோ நொடிக்கு மூன்று மீட்டரைக்கூட எட்டுவதில்லை.

இவ்வேகம் மிகுந்தால் உப்பு மாவாகும். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைக் கடந்தால் உப்பு நீரை உறிஞ்சும் இயல்புடையது. மாவான உப்பிற்குப் புறப்பரப்பு மிகுதி. ஆகவே கடலோர ஈரக்காற்றில் அது விரைவில் கட்டியாகும். அயோடின் சேராத உப்பை நேரடி உணவுக்கு விற்பது இந்தியாவில் 2006 மே மாதம் முதல் தடைசெய்யப்பட்டது. சேர்க்கப்படும் பொட்டாசியம் அயோடேட் எங்கும் சீராகப் பரவவும் ஒத்த அளவுள்ள மணிகளே ஏற்றவை. மேலும் உப்பு இரும்பை அரிக்கும். ஒரு சுத்தியல் மட்டும் தேய்ந்தால் சமநிலை குலைந்து தண்டு அதிரும். எனவே எதிரெதிர்ச் சுத்தியல்களை ஒத்த எடையில் இணையாக மாற்றுதல் நலம்.

தூசியும் உயிரும்

வேகம் மிகுந்தால் தூசியும் மிகும். கிராஃபைட் தூசி மின்சாரத்தைக் கடத்தும். மோட்டாருக்குள்ளும் மின்பலகைக்குள்ளும் புகுந்தால் மின்கசிவு நேரும். அதனினும் கொடியது பாறையோடு பொடியான குவார்ட்ஸ். அது நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் என்னும் தீரா நோயை உண்டாக்கும். நீர் சேர்த்து அரைத்தல், எந்திரத்தை மூடி உறிஞ்சுகுழாய் அமைத்தல், தக்க முகக்கவசம் ஆகியவையே காப்பு. வாயில் கட்டிய துண்டு காப்பாகாது.

நெடுங்காலம் நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் இவ்விடத்தில் எண்ணத்தக்கது. சாணைச் சக்கரம் சுழலும் ஒவ்வோர் எந்திரத்தின் அருகிலும் அதன் உச்சப் பாதுகாப்பு வேகத்தை எழுதி வைத்தல் வேண்டும் என அதன் 30ஆம் பிரிவு விதித்தது. தொழிற்சாலை அறிவிப்புகள் ஆங்கிலத்தோடு, தொழிலாளருள் பெரும்பான்மையோர் அறிந்த மொழியிலும் இருத்தல் வேண்டும் எனவும் அச்சட்டம் கூறியது. நம் கடற்கரையில் அம்மொழி தமிழே.

முடிவுரை

அறிவியல் தமிழ் என்றவுடன் பெரிய கலைச்சொல் அகராதிகளே நம் நினைவிற்கு வருகின்றன. அகராதிகள் வேண்டும். அவற்றோடு, ஓர் ஆலைச் சுவரில் ‘உச்ச வேகம் நிமிடத்திற்கு இத்தனை சுற்று, தகட்டைப் பார்த்த பின்னரே வேகத்தைத் தொடுக’ எனத் தெளிந்த தமிழில் எழுதப்படும் இரண்டு வரிகளும் வேண்டும். அவ்வரிகளைப் பிழையின்றி எழுதவும், எழுதியதன் காரணத்தை விளக்கவும் வல்ல மாணவரை உருவாக்குதல் தமிழ்த்துறையின் கடமைகளுள் ஒன்று. மரக்காணத்து உப்பாயினும் சிவகங்கைக் காரீயமாயினும், பொருளின் குணமறிந்து வேகம் வகுப்போர் பொருளையும் காப்பர், எந்திரத்தையும் காப்பர், அதனருகே நிற்கும் மனிதரையும் காப்பர்.