அச்சுப்பொறியும் ஒரு கணினியே

தீம்பொருள் தாக்கிய அலுவலகத்தில் மீட்புப்பணி தொடங்கியதும் கணினிகள் துடைக்கப்படுகின்றன, கடவுச்சொற்கள் மாறுகின்றன, காப்புப்படிகள் மீள ஏற்றப்படுகின்றன. பிரிக்பீல்ட்சின் கணக்காய்வு நிலையமாயினும் கிள்ளானின் கப்பல் முகவர் அலுவலகமாயினும், மூலையில் நிற்கும் அச்சுப்பொறியை நினைப்பார் அரிது. அதனுள்ளும் செயலியும் நினைவகமும் இயங்குதளமும் உள்ளன.

அச்சுப்பொறி ஒன்று ஓய்ந்து நின்றதால் நேர்ந்த கேட்டை 2016 பிப்ரவரியில் வங்காளதேச நடுவண் வங்கி கண்டது. வங்கிகளுக்கிடையேயான சுவிஃப்ட் பரிமாற்றச் செய்திகளைத் தானே அச்சிட்டுத் தரும் பொறி ஒரு வெள்ளிக்கிழமை இயங்கவில்லை. பணியாளர் அதனை அன்றாடப் பழுதென்றே கொண்டனர். உண்மையில், திருட்டின் தடம் தாளில் விழாதவாறு நச்சுநிரல் தடுத்திருந்தது. நியூயார்க்கில் அவ்வங்கி வைத்திருந்த கணக்கிலிருந்து 8 கோடியே 10 இலட்சம் டாலர் பிலிப்பீன்சுக்குப் போயிற்று. இலங்கைக்கு அனுப்பப்பட்ட 2 கோடி மீண்டது. ஈராண்டு கழித்து, 2018 மார்ச் 27 அன்று, கோலாலம்பூரில் மலேசிய நடுவண் வங்கியான பேங்க் நெகாராவையும் பொய்யான சுவிஃப்ட் செய்திகளால் ஏமாற்றும் முயற்சி நடந்தது. நல்வாய்ப்பாக, அங்கே பணம் எதுவும் இழக்கப்படவில்லை.

சிறிய அலுவலகத்தின் இடர் வேறு வகையது. வருடிய ஆவணத்தைப் பொதுக்கோப்புறைக்கு அனுப்பும்பொருட்டு அச்சுப்பொறி ஒரு பயனர் கணக்கைத் தன்னுள் வைத்திருக்கிறது. வசதி கருதி அதற்கு நிருவாகி உரிமையையே கொடுத்துவிடுவோர் உளர். அக்கணக்கு தாக்கியவர் கையில் சிக்கியிருந்தால், துடைத்த கணினிகளுக்குள் அவர் மறுநாளே திரும்பலாம். மேலும், பழைய பொறிகள் பல, கோப்புப் பகிர்வுக்கான எஸ்எம்பி நெறிமுறையின் முதற்பதிப்பை மட்டுமே அறியும். அவற்றுக்காக வழங்கியிலும் அப்பதிப்பை விட்டுவைக்கின்றனர். 2017 மே 12 அன்று வான்னாகிரை என்னும் தீம்பொருள் உலகெங்கும் பரவியது அப்பதிப்பின் ஓட்டை வழியாகத்தான். ஓர் அச்சுப்பொறிக்காக அதனைத் திறந்து வைப்பது தகாது. அத்தகைய பொறியை மாற்றிவிடுவதே முறை.

எனவே, மீட்புப்பணியில் முதலில் அச்சுப்பொறியின் வலைக்கம்பியைக் கழற்றுக. கம்பியில்லா இணைப்பையும் அணைக்க. பொறியைத் தொழிற்சாலை அமைப்புக்கு மீட்டு, உற்பத்தியாளரிடமிருந்து பெற்ற புதிய நிலைபொருளை ஏற்றி, உடன் வந்த கடவுச்சொல்லை மாற்றுக. வருடலுக்கான கணக்கைப் புதிதாக உருவாக்கி, ஒரே கோப்புறையில் எழுதும் உரிமை மட்டும் தருக. அச்சுப்பொறியின் 9100 என்னும் வலைவாயில் அனுப்புவோர் யாரென்று கேளாமலே அச்சிடும். அது இணையத்தை நோக்கித் திறந்திருத்தல் கூடாது. 2018 நவம்பரில் ஒருவர் அவ்வழியே ஏறத்தாழ 50,000 அயலார் பொறிகளில் தம் தாளை அச்சிட்டதாக அறிவித்தார். அச்சுப்பொறிகளைத் தனிக் கிளைவலையில் வைத்து, அச்சு வழங்கி ஒன்றிலிருந்து மட்டும் பணிகளை ஏற்கச் செய்க. அச்சிடும் வேலை இல்லாத வழங்கிகளில் விண்டோசின் அச்சு வரிசைச் சேவையை நிறுத்துக. 2021இல் வெளிப்பட்ட பிரிண்ட்நைட்மேர் ஓட்டை அச்சேவையில்தான் இருந்தது.

பெரிய பன்பணிப் பொறிகள் பலவற்றில் வன்தட்டும் உண்டு. அடையாள அட்டை நகல்களும் சம்பளப் பட்டியல்களும் அதில் தங்கியிருக்கக்கூடும். வாடகைப் பொறியைத் திருப்பித் தருமுன் அதன் வன்தட்டை அழித்து, அழித்தமைக்கு எழுத்துச் சான்று பெறுக.