காலியாகக் கிடந்த கதிரை

1972 மே 22ஆம் திகதி இலங்கையில் வந்த குடியரசு அரசியலமைப்பு, சிங்களத்தை ஆட்சிமொழியாக உறுதிசெய்து, பௌத்தத்துக்கு முதலிடம் கொடுத்தது. முந்தைய சோல்பரி யாப்பில் சிறுபான்மையினருக்குக் காப்பாக இருந்த 29ஆம் பிரிவையும் கைவிட்டது. அதே ஆண்டு ஒக்டோபரில் காங்கேசன்துறை எம்.பி. எஸ்.ஜே.வி. செல்வநாயகம் பதவியைத் துறந்தார். இடைத்தேர்தல் வையுங்கள், புதிய யாப்பைத் தமிழர் ஏற்கிறார்களா என்று பார்த்துவிடலாம் என்பதே அவர் விட்ட சவால்.

அரசாங்கம் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இழுத்தடித்தது. 1975 பெப்ரவரி 6ஆம் திகதிதான் வாக்கெடுப்பு. பார்கின்சன் நோயால் குரல் தளர்ந்துபோயிருந்த செல்வநாயகத்துக்கு 25,927 வாக்குகள். கம்யூனிஸ்ட் வேட்பாளர் வி. பொன்னம்பலத்துக்கு 9,457. தனித் தமிழீழத்துக்கான ஆணை இது என்றார் வென்றவர். தேர்தலை உடனே வைத்திருந்தால் பேச்சு அந்த எல்லைவரை போயிருக்குமா என்பது சந்தேகம்தான்.

செல்வநாயகம் 1977 ஏப்ரலில் மறைந்தார். ஜூலையில் அதே தொகுதியில் வென்ற அ. அமிர்தலிங்கம், 18 ஆசனங்கள் பெற்ற தமிழர் விடுதலைக் கூட்டணியின் சார்பில் எதிர்க்கட்சித் தலைவரானார். 1983 ஜூலையில் தமிழருக்கு எதிராக நடந்த வன்செயலுக்குப் பிறகு ஓகஸ்டில் ஆறாம் திருத்தம் வந்தது. பிரிவினையை ஆதரிக்கமாட்டேன் என்று எம்.பி.க்கள் சத்தியம் செய்ய வேண்டும். பிரிவினைக்கென்றே வாக்குக் கேட்டு வந்தவர்கள் எப்படிச் செய்வார்கள்? பதவிகள் பறிபோயின.

அடுத்த தேர்தலில் மக்கள் பதில் சொல்லலாமே என்றால், அந்தக் கதவு முன்பே சாத்தப்பட்டிருந்தது. 1982 டிசம்பர் சர்வசன வாக்கெடுப்பில் நாடாளுமன்றத்தின் ஆயுள் ஆறு ஆண்டுகள் நீட்டப்பட்டது. நீட்டலாம் என்பதற்கு விளக்குச் சின்னம், வேண்டாம் என்பதற்குக் குடம். யாழ்ப்பாண மாவட்டத்தில் வாக்களித்தோரில் பத்தில் ஒன்பது பேர் குடத்துக்குப் போட்டார்கள். நாட்டின் மொத்தக் கணக்கில் விளக்கு வென்றது. போர் மூண்ட காலத்தில், 1989 வரை, காங்கேசன்துறைக்கு எம்.பி. இல்லை. 1972இல் கதிரையைக் காலியாக்கியது தொகுதி மக்களுடைய ஆளே. இம்முறை காலியாக்கியது சட்டம்.

1989இல் விகிதாசார முறை வந்தபோது யாழ்ப்பாணம் முழுவதும் ஒரே தேர்தல் மாவட்டமானது. 1994இல் குடாநாடு விடுதலைப் புலிகளிடம் இருந்ததால் வாக்களிப்பு பெரும்பாலும் தீவகத்தோடு நின்றது. 10,744 வாக்குகள் பெற்ற, தமிழ்க் கட்சியான ஈ.பி.டி.பி.யின் குழுவுக்குப் பத்தில் ஒன்பது ஆசனங்கள். பதிவான வாக்காளரோ ஐந்து இலட்சத்துக்கும் மேல்.

பெரும்பாலும் பதிவான வாக்காளர் தொகையை வைத்தே மாவட்டங்களுக்கு ஆசனம் பங்கிடப்படுகிறது. ஊரைவிட்டுப் போனவர்கள் பெருகப் பெருக, அந்தப் பத்து 2024இல் ஆறானது. தேர்தல் இரவில் காங்கேசன்துறைத் தொகுதி முடிவு இன்றும் தனியாக அறிவிக்கப்படுகிறது. அந்தப் பெயரில் எம்.பி. மட்டும் கிடையாது.